மாதிரி வைக்காத பேரம்

புதன்கிழமை காலைப் புள்ளியியல் வகுப்பு, ராஜகனியைத் தேடி டவுன் பஸ்ஸில் வந்து மிளகாய் வத்தல் மண்டி வாசலில் இறங்கியது.

அந்தக் கல்லூரியில் இது புதிதல்ல. ஒரு மாணவன் ஒரே வகுப்பைத் தொடர்ந்து கட் அடித்தால், ஒரு கட்டத்துக்கு மேல் வகுப்பே பொறுமை இழந்து அவன் வீட்டுக்குக் கிளம்பிவிடும். போன வருடம் வணிகவியல் முதலாமாண்டு இப்படித்தான் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனது. அவளுக்குக் கல்யாணம் முடிந்து மறுவீடு போகிறவரை அங்கேயே தங்கி, எல்லாப் பந்தியிலும் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பியது. மொய் மட்டும் எழுதவில்லை.

பெஞ்சுகள் இறங்கின. கரும்பலகை இறங்கியது. மின்விசிறி இறங்கியது, அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருந்தார்கள். மாணவர்கள் ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக இறங்கினார்கள். கடைசியாகச் சாக்பீஸ் டப்பாவுடன் லில்லிபுஷ்பம் மேடம் இறங்கினார்.

"ராஜகனி வீடு இதுதானா?" என்று ராஜகனியிடமே கேட்டார்.

"ஆமா மேடம்."

"இருக்கானா?"

"இருக்கேன் மேடம்."

"இருந்தா உள்ள வாங்கன்னு சொல்ல மாட்டானா?"

ராஜகனி உள்ளே வாங்க என்றான். வகுப்பு உள்ளே வந்து வத்தல் மூட்டைகள்மேல் பரவி உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் தும்மத் தொடங்கியது. வரிசை எண் பிரகாரம் தும்மினார்கள். தும்மினவர்கள் எல்லாரும் வந்ததாக மேடம் குறித்துக்கொண்டார். ராஜகனி மண்டியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு வத்தல் நெடியில் தும்மல் வராது. எனவே அவன் வரவில்லை.

பக்கத்து பெஞ்சுக்காரன் ஆறுமுகநயினார் மூக்கைத் துடைத்தபடி ஒட்டி உட்கார்ந்தான். "மாப்ள, ஒன்னால எனக்கு ரெண்டு பஸ் மாறணும்."

"நான் வரச் சொன்னேனா?"

"வரலேன்னு சொன்னா வருவோம். அதான சட்டம்."

ராஜகனிக்குக் கல்லூரியின் மேல் பகை ஒன்றும் கிடையாது. பொருளாதார வகுப்பு அவனுக்குப் பிடிக்கும். கத்திரிக்காய்க்கு ஒரு தடவைகூடப் பேரம் பேசாத மனிதர் ஒருவர், கத்திரிக்காயின் கிராக்கியை அங்கே கோடாக வரைவார். கோடு மிக அழகாக இறங்கும். கணினி வகுப்பும் பிடிக்கும். எல்லாக் கணினிக்கும் பட்டுத்துணி போர்த்தி வைத்திருப்பார்கள். விசேஷ நாளில் திரை விலக்கி, தூரத்திலிருந்து காட்டுவார்கள். தமிழ் வகுப்பில் நன்றாகத் தூக்கம் வரும், அதுவும் பிடிக்கும். புள்ளியியலும் பிடிக்கும்தான். ஆனால் அது வைத்த நேரத்தில் பேருந்து நிலையத்தில் அவனுக்கு வேறு வேலை இருந்தது.

அவன் சத்தங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

மற்றக் கல்லூரிப் பையன்கள் மேடையேறி நடிகர்கள் குரலில் பேசிக் கைதட்டு வாங்குவார்கள். ராஜகனிக்கு மனிதக் குரலில் ஆசை இல்லை. மனிதன் கேட்டால் தானே பேசிவிடுவான், அதில் என்ன வித்தை என்பது அவன் கட்சி. ஷட்டர் பாதியில் சிக்கி நிற்கும் சத்தம் அவனிடம் இருந்தது. கிழிந்த சாக்கை இழுக்கும் சத்தம் இருந்தது. புரோட்டாக் கல்லில் கரண்டி விழும் சத்தம் இருந்தது. பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் பின்னால் நின்று ஊதும் விசில், அந்த விசிலுக்குள்ளேயே இருக்கும் அவருடைய அலுப்பு, இரண்டும் சேர்த்து இருந்தது. குக்கர் சத்தம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. பயம் வந்தால் அவன் வாயிலிருந்து தானாகக் குக்கர் விசிலடிக்கும். அடித்தால் அவன் அம்மா எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதில்லை. அணைப்பாள்.

அந்த அம்மாவின் பெயர் கனகமணி. மண்டியை நடத்துவது அவள்தான். அப்பா இரண்டு வருடத்துக்கு முன்பு எடைத்தராசு ஆகிவிட்டார். வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அதற்கு முன்பும் அவர் எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் சேராமல் நடுவில்தான் நிற்பார். இப்போது அதையே உத்தரத்தில் தொங்கிக்கொண்டு செய்கிறார். சம்பாத்தியம் முன்னைக்குப் பரவாயில்லை.

கனகமணி டீக்கடையிலிருந்து திரும்பி வந்து மூட்டைகளைப் பார்த்தாள்.

"யாரு இதெல்லாம்?"

"என் கிளாஸ்ம்மா."

"இன்னைக்குச் சந்தை நாளு. சரக்கு மேல உக்காந்திருக்காகளே."

சொல்லி வாய் மூடவில்லை, வெளியூர் வியாபாரி ஒருவர் உள்ளே வந்தார். நேரே ஆறுமுகநயினாரின் தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். முகர்ந்தார்.

"இது என்ன ரகம், குண்டா, சம்பாவா?"

"இது பி.எஸ்ஸி.," என்றாள் கனகமணி.

"ஈரப்பதம் சாஸ்தியா இருக்கே."

"வேர்வை அண்ணாச்சி," என்றான் ஆறுமுகநயினார்.

வியாபாரி உதட்டைப் பிதுக்கி அடுத்த மண்டிக்குப் போய்விட்டார். ஒரு நல்ல கிராக்கி படியிறங்கிப் போவதைக் கனகமணி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மேடத்திடம் திரும்பினாள்.

"டீச்சரம்மா, நீங்க எப்ப எந்திரிப்பீக?"

"கிளாஸ் முடிஞ்சதும்."

"எப்ப முடியும்?"

"பெல் அடிச்சா முடியும். ராஜகனி வந்தாத்தான் பெல் அடிப்பாங்க."

"இந்தா நிக்கானே."

"உடம்பு நிக்குது. கவனம் எங்க இருக்குன்னு கேளுங்க. அது பஸ் ஸ்டாண்டுல, அவன் சேத்து வச்சிருக்கிற சத்தத்துல இருக்கு. அத முழுசா எங்ககிட்டக் குடுக்கச் சொல்லுங்க. நாங்க கிளம்பிடுவோம். அவனும் ஒழுங்கா வகுப்புக்கு வந்துருவான்."

ராஜகனி தன் சத்தங்களை எண்ணினான். ஷட்டர், சாக்கு, புரோட்டாக் கல், கண்டக்டரின் அலுப்பு. அதெல்லாம் போய்விட்டால் தன்னிடம் மிஞ்சுவது புள்ளியியல் மட்டும்தான் என்று நினைத்துப் பார்த்தான். நினைக்கவே வாய் கசந்தது.

கனகமணி தோள் துண்டை உதறினாள்.

அந்தக் கடைத்தெருவில் விலையை வாயால் பேசுகிற வழக்கம் கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் துண்டை விரித்து, அதற்குள் கையைவிட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல், அழுத்தமா வருடலா என்பதில் விலை ஏறும், இறங்கும். வாய் மட்டும் வெளியே ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். விலை படிந்து கை குலுக்கிவிட்டால் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. ஆனால் துண்டுக்குள் கை போகும் முன்பு ஒரு காரியம் செய்ய வேண்டும். விற்கிற பண்டத்தில் ஒரு கைப்பிடி எடுத்து மாதிரியாகத் துண்டின்மேல் வைக்க வேண்டும். இரண்டு பேரும் அதைப் பார்க்க வேண்டும். இன்ன பண்டத்துக்குத்தான் பேசுகிறோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

கனகமணிக்குக் கோபம். மேடத்துக்கு வழக்கம் தெரியாது. இருவரும் மாதிரி வைக்காமலே கையை உள்ளே விட்டார்கள்.

"உங்க பக்கம் மழை உண்டா டீச்சரம்மா?" என்றாள் கனகமணி. துண்டு சற்று மேலெழும்பியது.

"தூறல்தான்." துண்டு பள்ளமானது.

"முட்டி வலிக்கு என்ன போடுவீக?"

"ஒத்தடம்." துண்டு இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றியது. லில்லிபுஷ்பம் மேடத்தின் புருவம் உயர்ந்தது. புள்ளியியல் படித்த விரல் அல்லவா, சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

"அத்தன ஒத்தடம் தாங்காது," என்றாள் கனகமணி.

"தாங்குற வரைக்கும் குடுக்கலாம்."

ராஜகனி துண்டின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நடந்து பழகும் முன்பே துண்டு படிக்கப் பழகியவன் அவன். விலை ஏறுகிறது, நிற்கிறது, சறுக்குகிறது, எல்லாம் தெரிந்தது. எந்தப் பண்டத்தின் விலை என்பது மட்டும் தெரியவில்லை. அப்போதுதான் துண்டின்மேல் மாதிரி இல்லாததைக் கவனித்தான்.

"அம்மா, மாதிரி," என்றான்.

அவன் சொல்லவும் அவர்கள் கை குலுக்கவும் சரியாக இருந்தது. கனகமணி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டாள். மண்டியில் தும்மல்கூட நின்றுவிட்டது.

"முடிஞ்சது," என்றாள்.

"முடிஞ்சது," என்றார் மேடம்.

"என்னம்மா முடிஞ்சது?"

கனகமணி மகனை முறைத்தாள். எதை விற்றோம் என்று தெரியாது என ஒரு வியாபாரி நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது. மேடமும் வாயைத் திறக்கவில்லை. தெரியாது என்று ஒரு பேராசிரியர் சொல்லும் வழக்கமும் அந்த ஊரில் இல்லை.

"சரக்க எடுத்துக்கிடுங்க," என்றாள் கனகமணி, பொதுவாக.

"நீங்க எடுத்துக் குடுங்க," என்றார் மேடம், அதைவிடப் பொதுவாக.

ஆறுமுகநயினார் ராஜகனியின் காதில் சொன்னான்: "ஒன்னையத்தான் வித்துட்டாக மாப்ள. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"சும்மா இருடா."

"பேனா எதும் வச்சிருந்தா குடுத்துட்டுப் போ."

இம்மாதிரிச் சிக்கலில் தராசிடம் விடுவதுதான் முறை. லில்லிபுஷ்பம் மேடம் பேசிய விலையைத் தன் கைக்குட்டையில் முடிந்து அப்பாவின் ஒரு தட்டில் வைத்தார். முடிச்சுக்குள் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. தட்டு தரைக்குச் சாண் உயரம் வரை இறங்கியது. மறுதட்டில் எது ஏறினால் முள் நடுவில் நிற்கிறதோ அதுதான் விற்ற பண்டம்.

முதலில் ஒரு பெஞ்சை வைத்தார்கள். அசையவில்லை. கரும்பலகையை வைத்தார்கள். அசையவில்லை. ஆறுமுகநயினாரை ஏற்றினார்கள். கைக்குட்டைத் தட்டு இன்னும் கொஞ்சம் கீழே போனது.

"என்னையக் கழிக்குதுடா," என்று சொல்லி அவன் இறங்கினான்.

"ராஜகனி, ஏறு," என்றார் மேடம்.

ராஜகனி ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தராசு அவன் உட்கார்ந்ததையே கண்டுகொள்ளவில்லை. கனகமணிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"போட்ட சோத்துக்காவது ஒரு எடை காட்ட வேண்டாமா?" என்றாள் தராசைப் பார்த்து. அப்பா எப்போதும்போல் எதுவும் சொல்லவில்லை.

தட்டில் உட்கார்ந்தபடி ராஜகனி எல்லா முகங்களையும் பார்த்தான். எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தான். பயம் வந்தது. அவன் வாயிலிருந்து குக்கர் விசிலடித்தது.

அவன் உட்கார்ந்திருந்த தட்டு இறங்கியது. நன்றாகவே இறங்கியது.

கனகமணி அடுப்பை அணைக்க எழுந்து போனாள். திரும்பி வந்தபோது மேடம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அதுதான் சரக்கு. எல்லாச் சத்தத்தையும் மூட்டை கட்டச் சொல்லுங்க."

ராஜகனி தட்டில் எழுந்து நின்றான். உயிர் போகிற நேரத்தில் சில பேருக்குக் கடவுள் ஞாபகம் வரும். அவனுக்குக் கடைத்தெரு ஞாபகம் வந்தது.

"மேடம், அது மாதிரி."

"எது?"

"இப்ப அடிச்ச குக்கர். அம்மா துண்டு மேல வைக்க மறந்துட்டாங்க. நான் இப்ப வச்சேன். மாதிரி சரக்குல சேராது. வித்தவனுக்கே திரும்பிரும்."

மேடம் கனகமணியைப் பார்த்தார். கனகமணி கடைத்தெருவைப் பார்த்தாள். வாசலில் கூடியிருந்த வியாபாரிகள் தலையசைத்தார்கள். குக்கர் அவனிடமே திரும்பி வந்து தொண்டையில் உட்கார்ந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"சரி, மிச்சத்தைக் குடு," என்றார் மேடம்.

சாக்கு வந்தது. ராஜகனி அதன் வாயை விரித்துப் பிடித்துக் கொஞ்சம் யோசித்தான். வத்தல் மூட்டை கட்டுவது அவனுக்குத் தெரியும். வாங்குகிறவன் திறந்து பார்ப்பது மேல்பக்கத்தைத்தான். அங்கே மினுமினுவென்று நல்ல வத்தல் இருக்க வேண்டும். அடியில் காம்பு கிடக்கலாம், வெளுத்தது கிடக்கலாம், தரையைக் கூட்டியதுகூடக் கிடக்கலாம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அவன் சாக்குக்குள் முகத்தை நுழைத்து அடிச்சரக்கைப் போட்டான்.

சாக்பீஸ் பலகையில் கீச்சிடும் சத்தத்தைப் போட்டான். மின்விசிறி தள்ளாடும் சத்தத்தைப் போட்டான். பெஞ்சுக்கடியில் செருப்பைத் தேடும் கால்கள், எழுதும் கைகளின் வளையல், வாய்க்குள்ளேயே முடிந்துவிடும் ஆறுமுகநயினாரின் கொட்டாவி, எல்லாம் போட்டான். "புரியுதா?" என்று மேடம் கேட்பதைப் போட்டான். "புரியுது" என்று புரியாதவர்கள் சொல்வதைப் போட்டான். வகுப்பில் உள்ள ஒவ்வொருவர் குரலிலும் "எஸ் மேடம்" போட்டான். கடைசியாகத் தன் பெயர் வந்தது. பேருந்து நிலையம் போகும் வழியில் ஜன்னலோரம் நின்று கேட்டதோடு சரி, ராஜகனி புள்ளியியலில் ஒரு நாளும் எஸ் மேடம் சொன்னதில்லை. சொன்னால் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. உத்தேசமாக, கொஞ்சம் பணிவு கூட்டி, கேட்டால் எந்த மாமாவும் பெண் கொடுக்கிற மாதிரி ஓர் "எஸ் மேடம்" செய்து உள்ளே போட்டான்.

மேலே நல்ல சரக்கு வைத்தாக வேண்டும். கண்டக்டரின் விசிலை எடுத்தான். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தான். பிறகு அலுப்பு சிந்தாமல் அப்படியே சாக்கின் வாய்ப்பக்கம் வைத்தான்.

மேடம் குனிந்து மேல் சத்தத்தைக் கேட்டார். "நல்ல ரகம்," என்றார்.

மூட்டை தட்டில் ஏறியது. முள் நகர்ந்து, நகர்ந்து, நடுவுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிட்டது.

"கொறையுது," என்றார் மேடம்.

ராஜகனிக்கு விளங்கியது. வகுப்புச் சத்தம் எல்லாம் உள்ளே இருக்கிறது. பெல் மட்டும் இல்லை. அவன் எந்த வகுப்பிலும் பெல் அடிக்கிறவரை உட்கார்ந்ததில்லை. முடிகிற சத்தம் அவனிடம் கிடையாது. பெல் இல்லாவிட்டால் ஷட்டரையும் புரோட்டாக் கல்லையும் எடுத்துப் போட வேண்டியதுதான். மேடத்தின் விரல்கள் பொறுமையில்லாமல் சாக்பீஸ் டப்பாவைத் தட்டின.

அப்போது அப்பா அசைந்தார். காற்றும் இல்லை, கையும் படவில்லை. தட்டின் ஓரத்தில் கிடந்த எடைக்கல் ஒன்று புரண்டு, இரும்பில் இரும்பு மோதியது. ராஜகனி பிறந்ததிலிருந்து மண்டி முழுக்கக் கேட்ட சத்தம். அதிகம் கேட்டதாலேயே அதைச் சேர்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதில்லை.

ராஜகனி மூச்சை இழுத்துப் பிடித்து, அந்தச் சத்தத்தைச் சாக்குக்குள் விட்டான்.

"டணார்."

முள் நடுவில் நின்றது. வகுப்பு எழுந்து நின்றது. பெல் அடித்தால் எழ வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். பெஞ்சுகள் கிளம்பின. மின்விசிறியைத் தோளில் தூக்கினார்கள். ஆறுமுகநயினார் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தான்.

"செம கனம். என்னடா போட்ட?"

"ஒன்னோட கொட்டாவி."

"அதுவா. அது நல்ல சரக்கு."

மேடம் மூட்டைக்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் எடுத்து வகுப்பை ஏற்றிக்கொண்டு போனார். பஸ் ரிவர்ஸ் எடுத்தது. கண்டக்டர் கன்னத்தை உப்பி ஊதினார். ராஜகனிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு அந்த விசில் மட்டும் கேட்பதில்லை.

கனகமணி கைக்குட்டையை அவிழ்த்தாள். உள்ளே சாக்பீஸ்கள் இருந்தன. ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். "கலப்படம் இல்ல," என்று சொல்லி, மண்டிப் பலகையில் அன்றைய வத்தல் விலையை எழுதினாள். முந்தைய நாளைவிடக் கூட்டி எழுதினாள். யாரும் மறுக்கவில்லை. கல்லூரி எழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்தது.

அடுத்த புதன்கிழமை ராஜகனி தானாகவே கல்லூரிக்குப் போனான். அவனுடைய இடத்தில் மூட்டை இருந்தது. வாய் தைத்து, விபூதி வைத்திருந்தார்கள்.

"ராஜகனி," என்றார் மேடம்.

"எஸ் மேடம்," என்றது மூட்டை. பணிவு கொஞ்சமும் குறையவில்லை.

மேடம் வாசலைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"சும்மா வந்தேன் மேடம்."

"கிளாஸ் நடக்குது. அந்தப் பக்கம் நில்லுங்க."

ராஜகனி அந்தப் பக்கம் நின்றான். அந்தப் பக்கம் பேருந்து நிலையம் இருந்தது.

தேர்வில் மூட்டை முதலாவதாக வந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் மேடம் வகுப்பில் சொன்னதை அச்சுப் பிசகாமல் மேடத்தின் குரலிலேயே சொன்னதாம். கல்லூரிச் சுவரில் அதன் படம் போட்டார்கள். கனகமணி அதைப் பார்த்துவிட்டு வந்து, கடைத்தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். வியாழக்கிழமைதோறும் அதற்கு எண்ணெய் தேய்க்க ஆள் அனுப்பினாள்.

"என் வயித்துல பெறக்கலேன்னாலும் என் மண்டிச் சாக்கு," என்றாள்.

பொங்கல் விடுமுறைக்கு மூட்டை வீட்டுக்கு வந்தது. ராஜகனிதான் பேருந்து நிலையம் போய்த் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கனகமணி அதைக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தாள். எதிரில் தானும் உட்கார்ந்து அதன் ஓரத்தில் பிரிந்திருந்த சணலை மெல்ல உள்ளே தள்ளினாள்.

"எளச்சிட்டியே ராசா. ஆஸ்டல் சாப்பாடு சரியில்லையா?"

"எஸ் மேடம்," என்றது மூட்டை.

"எப்படிப் பேசுது பாரு. ஏப்பா, நீ கொஞ்சம் தள்ளி உக்காரு. அது படிக்கட்டும்."

ராஜகனி தள்ளி உட்கார்ந்தான். உத்தரத்தில் அப்பா முள்ளை நடுவில் வைத்துக்கொண்டு தொங்கினார். ராஜகனி அவரைப் பார்த்தான். மூட்டையைப் பார்த்தான். இந்த முறை அவனுக்குப் பயம் ஒன்றும் வரவில்லை. இருந்தாலும் வாயைக் குவித்து, நிதானமாக, ஆவி பிரியப் பிரிய, குக்கர் விசிலடித்தான்.

கனகமணி மூட்டையை விட்டு எழுந்து, அடுப்பை அணைக்கப் போனாள்.